மூன்றில் ஒரு வீடு

பக்கத்து வீட்டு அண்ணனின் ஆக்சிஜன் கருவி எழுப்பும் ஓசை எங்கள் கூடத்துச் சுவர் வழியாகக் கேட்கும். அதை இரைச்சல் என்று சொல்லிவிட முடியாது. தூரத்தில் நங்கூரமிட்ட சரக்குக் கப்பலொன்று எந்திரத்தை அணைக்க மறந்துவிட்டதுபோல ஒரு முனகல்; நடுநடுவே ஒரு பெருமூச்சு. ஒருமுறை அண்ணனிடமே இதைச் சொன்னேன். ஆயுளில் பாதியைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கழித்தவர் அவர்.

"கப்பல்காரன் வீட்டுல கப்பல் சத்தம்தான் டாக்டர் வரும். உங்க வீட்டுல என்ன வரும், புத்தகம் பொரட்டுற சத்தமா?" என்றார்.

என்னை அவர் டாக்டர் என்று அழைப்பது என் முனைவர் பட்டத்தைக் கேலி செய்வதற்காக. ஊசி போடத் தெரியாத டாக்டர் என்றுதான் பிறரிடம் அறிமுகம் செய்து வைப்பார்.

சென்ற ஆண்டு வரை அந்தச் சுவரின் இருபுறமும் அதே ஓசைதான். என் மனைவிக்கும் நுரையீரல் நோய். அதே நிறுவனத்தின் அதே சாம்பல் நிறக் கருவி. தமிழாசிரியையாக இருந்தவள். இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொள்கின்றன என்பாள். அண்ணனுடையதுதான் எப்போதும் முதலில் பேச்செடுக்கிறது என்பாள். இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவள் காலமானாள். நிறுவனத்தார் வந்து கருவியை எடுத்துச் சென்றார்கள். அதன்பிறகு ஓசை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. மதியம் சாப்பிட்டபின் அந்தச் சுவரோரம் அமர்ந்து நாளிதழ் படிப்பது என் வழக்கமாயிற்று. அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்.

நான் மின்பொறியாளன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒரே கேள்வியோடு கழிந்தது. பெருமழையோ மின்னலோ வெள்ளமோ தாக்கி, ஊரில் பல இடங்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் போய்விட்டால், யாருக்கு முதலில் திருப்பிக் கொடுப்பது? பழுதுபார்க்கும் குழுக்கள் சில. காத்திருக்கும் இடங்களோ பல. மருத்துவமனை முதலில் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நீரேற்று நிலையமும் சுரங்க ரயிலின் காற்றோட்ட விசிறிகளும் உடனடியாகப் பின்தொடரும். அதற்குப் பிறகுதான் சண்டை. ஒவ்வொருவரும் தம் நிலையமே நாட்டின் இதயம் என்று நிறுவ விளக்கப்படங்களோடு வருவார்கள். குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் பிரதிநிதி, ஐஸ்கிரீம் உருகுவதைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அமரவைத்தோம். ஐஸ்கிரீமின் இடத்தை மாற்றவில்லை.

அந்த வரிசை ஒருவழியாக முடிவான அன்று, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"உங்க வரிசையில நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

"குடியிருப்புகள் நான்காம் கட்டம்."

"நாலாவதா? எனக்கு முன்னாடி யாரு?"

"சாக்கடை நீர் இறைக்கும் நிலையம்."

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள். பின்னர் எந்த விருந்தாளி வந்தாலும், "இவரோட வரிசையில நான் சாக்கடைக்கு அடுத்தபடி," என்று சொல்லிச் சிரிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. வீட்டில் உயிர்காக்கும் கருவி வைத்திருப்பவர்களின் பகுதியை நான்காம் கட்டத்தின் முதலிடத்துக்குக் கொண்டுவரச் செய்தது பிற்பாடு நான் முன்வைத்த திருத்தம். அப்போது அவளுக்கு நோய் ஏதும் இல்லை.

தேக்காச் சந்தைக்கு அருகே ஓர் அடுக்குமாடி புளோக்கின் பன்னிரண்டாம் மாடியில் எங்கள் வீடு. தீபாவளி நெருங்கினால் கீழே சிராங்கூன் சாலையில் தோரண விளக்குகள் ஏறிவிடும்; மேலே நடைபாதையில் நெய்யும் ஏலமும் மணக்கும். இந்த ஆண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்து வரும். ஆகவே அந்த வாரம் முழுவதும் யாராவது ஒருவர் கதவைத் தட்டி ஒரு டப்பாவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தனியொருவன் தின்று தீர்க்கக்கூடிய அளவு அது என்று அவர்கள் எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை, முற்பகலிலேயே வானம் கறுத்தது. இவ்வூரில் அந்தப் பருவத்தில் இடி மின்னல் புதிதல்ல. ஆனால் அன்றைய மழை சாய்ந்து பெய்யாமல் மொத்தமாகக் கொட்டியது. எதிர் புளோக் மறைந்தது. கீழே சாலை ஆறாயிற்று. தொலைபேசியில் செய்திகள் வரிசையாக வந்தன: இங்கே மரம் விழுந்தது, அங்கே நிலத்தடிப் பாதையில் தண்ணீர், தீவின் பல மூலைகளில் மின்தடை. பழைய பழக்கம் காரணமாக அவற்றை என் மனத்துக்குள் கட்டம் கட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது வெகு அருகில் ஓர் இடி. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சுவர் மட்டும் அமைதியாகிவிட்டது.

அடுத்த கணம் அந்தப் பக்கத்திலிருந்து கீச்சென்று ஓர் எச்சரிக்கை ஒலி. மின்சாரம் நின்றால் கருவி எழுப்பும் ஒலி அது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒலி.

நடைபாதைக்கு வந்து ஒரு பார்வை பார்த்ததும் நிலைமை விளங்கிவிட்டது. ஒரு புளோக்குக்கு மின்சாரம் மூன்று தனித்தனிக் கம்பிகளில் ஏறி வருகிறது. வீடுகளை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று அவற்றில் பகிர்ந்து இணைப்பார்கள். அவற்றுள் ஒன்று போனால் மூன்றில் ஒரு வீடு மட்டும் அணையும். எனக்கு இருந்தது, அண்ணனுக்கு இல்லை, அவருக்கு அடுத்த இரண்டு வீடுகளின் வாசல் விளக்குகள் எரிந்தன, மூலை வீட்டில் இல்லை. மின்தூக்கிக்கு மூன்றும் வேண்டும் என்பதால் அதுவும் நின்றுவிட்டது. என்னையறியாமல் ஒரு மனநிறைவு உண்டாயிற்று. கண்ணாலேயே பழுதைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவு. அதை அனுபவிக்க நேரமில்லை.

அண்ணன் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கும். அவருடைய மகள் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். பகலில் அவர் தனியாகத்தான் இருப்பார். கதவைத் திறந்தபோது, சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கீச்சிடும் கருவியை ஒரு நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமா திட்டுது டாக்டர். என்ன தப்பு செஞ்சேன்னு சொல்ல மாட்டேங்குது."

மூச்சு ஏற்கெனவே மேலேறியிருந்தது. அவசரத்துக்கென்று மூலையில் நிற்கும் சிறிய ஆக்சிஜன் சிலிண்டரின் குழாயை அவருக்கு மாட்டினேன். அதன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதிய சிலிண்டர் அன்று காலைதான் வருவதாக இருந்தது. வண்டி ஏதோ ஒரு வெள்ளத்தில் நின்றது. வந்து சேர்ந்தாலும் பன்னிரண்டு மாடி அதைத் தோளில் சுமந்து ஏற வேண்டும். அவரைக் கீழே இறக்குவதும் அதே கதைதான்.

எங்கள் படுக்கையறைக் கதவின் பின்னால் ஓர் ஆரஞ்சு நிற மின்கம்பிச் சுருள் இருக்கிறது. நீண்ட கம்பி, நடுவிலிருக்கும் உருளையில் நான்கு துளைகள். தீபாவளி விளக்குகளை நடைபாதைக் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்டதால் வாங்கியது. கருவியை உருட்டிக்கொண்டு வெளியே வருவாள். நான் பின்னாலேயே கம்பியை விட்டுக்கொண்டு வருவேன். பட்டம் விடுவதுபோல இருக்கிறது என்பாள். இந்த ஆண்டு அதை எடுக்க வேண்டிய வேலை எதுவும் இருக்கவில்லை. எடுத்தேன். என் வீட்டில் செருகி, கம்பி முழுவதையும் சுருளிலிருந்து உருவி நடைபாதையில் விரித்து, உருளையை அண்ணன் வாசலில் வைத்துக் கருவியை இணைத்தேன். முனகல் மீண்டது. சிலிண்டரை மூடினேன்.

"அட, உசிரு வந்துடுச்சு," என்றார் அண்ணன். "எனக்கில்ல, அதுக்கு."

பிறகு பொதுமக்களுக்கான மின்தடைப் புகார் எண்ணை அழைத்தேன். வீட்டில் ஆக்சிஜன் கருவி உள்ளவர் இருக்கிறார், ஒரு கம்பி மட்டும் போயிருக்கிறது என்று விவரமாகச் சொன்னேன். மறுமுனைப் பெண் மிகவும் பணிவாக ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்: எங்கள் குழுக்கள் அவசரத் தேவையின் அடிப்படையில் வரிசையாகச் செயல்பட்டு வருகின்றன, தங்கள் பொறுமைக்கு நன்றி. அந்த வாக்கியத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். 'பொறுமைக்கு' என்பதா 'புரிதலுக்கு' என்பதா என்று ஒரு மதியம் முழுக்க விவாதித்தோம். கேட்கும் பக்கத்திலிருந்து கேட்டபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை.

தொலைபேசியை வைப்பதற்குள் அண்ணனின் மகள் அழைத்தாள்.

"அங்கிள், அப்பா ஓகேவா? இங்க பஸ் எல்லாம் ஸ்டக். டாக்ஸியும் கிடைக்கல."

விவரத்தைச் சொன்னேன். சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க பழைய ஆபிஸ்ல பெரிய ஆளுங்கள எல்லாம் தெரியும்ல? ஒரு கால் பண்ணா நம்ம புளோக்குக்கு முதல்ல வரமாட்டாங்களா?"

எண் என் தொலைபேசியில் இருந்தது. அழைத்தால் எடுப்பார்கள் என்பதும் தெரியும். ஒரு குழு இங்கே திரும்பினால், அது எங்கிருந்து திரும்பும் என்பதுதான் தெரியாது. டயாலிசிஸ் நிலையமாக இருக்கலாம். இன்னொரு பன்னிரண்டாம் மாடியாக இருக்கலாம். அங்கே சுவருக்கு அப்பால் மின்சாரம் உள்ள அண்டைவீடு இல்லாமலும் இருக்கலாம். இதை அவளிடம் சொன்னேன்.

"ஓகே அங்கிள்," என்றாள் கடைசியில். "அப்பாவப் பாத்துக்குங்க."

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் அவர் அழைப்பார்.

"தங்கச்சி இருந்தப்ப ஒருவாட்டி கரண்ட் போச்சே, அப்பவும் நீங்க பண்ணலையே?"

"அவள் பண்ண விடவில்லை. சாக்கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றாள்."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கருவி அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

மூலை வீட்டு அம்மா வந்து சேர்ந்தது அப்போதுதான். எங்கள் நடைபாதை அங்கே முழங்கைபோல மடங்குவதால் அவருடைய வாசலும் அண்ணன் வாசலும் ஏறத்தாழ எதிரெதிர். ஒவ்வோர் ஆண்டும் பாதி புளோக்குக்கு அவர்தான் முறுக்குச் சுட்டுத் தருவார். சென்ற ஆண்டு மகன் வாங்கிக் கொடுத்த மின் அடுப்புக்கு மாறியிருந்தார். கையெல்லாம் மாவு.

"சார், மாவு பெசஞ்சுட்டேன். அடுப்பு செத்துப்போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல மாவு புளிச்சிடும்." அவருடைய கண்கள் உருளையில் இருந்தன. "இதுல நாலு ஓட்டை இருக்கு. ஒன்னுதான் போட்டிருக்கீங்க."

"யம்மா, இது உசிரு லைனு," என்றார் அண்ணன்.

"எனக்கும் உசிருதான் அண்ணே. நாளைக்குக் காலைல எல்லாரும் டப்பாவத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. நீங்களே முத ஆளா நிப்பீங்க."

நான் மனத்துக்குள் கூட்டினேன். ஆக்சிஜன் கருவி இழுப்பது சொற்பம். அடுப்பு இழுப்பது மிகுதி. இரண்டையும் சேர்த்தாலும் கம்பி தாங்கும் அளவுக்குள்தான் இருந்தது. ஐஸ்கிரீம்காரருக்கு இரங்காத நான் முறுக்குக்கு இரங்கினேன். அடுப்பு அவருடைய சமையலறையை விட்டு வெளியே வரக்கூடாது, ஆக்சிஜன் இருக்கும் இடத்தருகே எண்ணெய் காயக்கூடாது என்று நிபந்தனை விதித்தேன். சம்மதித்தார். ஆனால் வீட்டிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பியைக் கொண்டுவந்து செருகப் போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

"சார், ஒரு சந்தேகம். இது உங்க வீட்டுக் கரண்ட்தானே?"

"ஆமாம்."

"இந்த வருசம் உங்க வீட்டுல சட்டி வைக்கக்கூடாதே. உங்க கரண்ட்ல பலகாரம் சுட்டா, அத சாமிக்கு வெக்கலாமா?"

நான் பல கருத்தரங்குகளில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதை யாரும் கேட்டதில்லை.

"கரண்ட் என்ன அவரு வீட்டுக் குழாய்லயா ஊறுது?" என்றார் அண்ணன். "துவாஸ் பவர் ஸ்டேஷன்ல இருந்து வருதும்மா. கடலத் தாண்டி வர்ற மாதிரி. அதுக்கு ஏது தீட்டு? இவரு வீட்டுல சும்மா டிரான்சிட்."

"அப்படியா சார்?"

"தொழில்நுட்ப ரீதியாகச் சரிதான்," என்றேன்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. சற்று நேரத்தில் எதிர்வாசலிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. அண்ணன் வாசனையைக் கூடுதல் ஆக்சிஜன் போல உள்ளிழுத்தார். மழை குறையவில்லை, ஆனாலும் நிலைமை கட்டுக்குள் இருந்தது. முன்னுரிமை முடிவுசெய்யப்பட்டது, சுமை பகிரப்பட்டது, பாதிக்கப்பட்டவர்கள் திருப்தியாக இருந்தார்கள். அறிக்கை எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். தேநீர் போடலாம் என்று என் வீட்டுக்குப் போனேன்.

தண்ணீர் கொதிப்பதற்குள் மீண்டும் அந்தக் கீச்சொலி.

ஓடி வந்து பார்த்தால், நடைபாதை சுத்தமாக இருந்தது. விரித்துப் போட்டிருந்த கம்பியைக் காணவில்லை. மூலை வீட்டு அம்மா காலையில் தம் வாசலிலிருந்து அண்ணன் வாசல் வரை தோகை விரித்த ஒரு மயிலை வண்ணப்பொடியில் கோலமாகப் போட்டிருந்தார். நான் விரித்த கம்பி அதன் கழுத்துக்குக் குறுக்கே கிடந்திருக்கிறது. முதல் ஈடு முறுக்கு வெந்துகொண்டிருந்த இடைவெளியில், தேவைக்கு மேலிருந்த கம்பி முழுவதையும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி உருளைக்குள் ஏற்றி, அழகாக ஓரத்தில் வைத்துவிட்டார்.

கம்பியை முழுவதும் உருவி விரித்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. சுருண்டிருக்கும் கம்பியில் அதிகச் சுமை ஓடினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். உருளையில் ஒரு காப்பு இருக்கிறது. சூடு மிஞ்சினால் அது துண்டித்துவிடும். ஆறும்வரை மீண்டும் இணையாது. இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தேன்.

உருளையைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

"சுத்தி வெச்சா தப்பா சார்?" அந்த அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "காலு தடுக்குமேன்னுதான். மயிலு வேற..."

"தப்பில்லைம்மா. உங்கள் அடுப்பைக் கழற்றிவிடுங்கள்."

சிலிண்டரைத் திறந்து அண்ணனுக்கு மாட்டினேன். முள் சிவப்புக்குள் இறங்கியிருந்தது. அவர் இப்போது கேலி பேசவில்லை. இரண்டு கைகளாலும் நாற்காலியின் பிடிகளைப் பற்றியிருந்தார். உதடுகளின் ஓரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அந்த நிறத்தை நான் அறிவேன். உருளை ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட முயன்றேன். வேறு நீளமான கம்பி யாரிடம் இருக்கும் என்று யோசித்தேன். அந்த அம்மாவின் கம்பி என் வீடுவரை எட்டாது. அடுத்த இரண்டு வீட்டார் எல்லை தாண்டி ஜொகூருக்குப் போயிருந்தார்கள். என் பணிக்காலம் முழுவதும் நான் யோசித்தது ஒரே திசையில்தான்: மின்சாரத்தை எப்படி ஆளிடம் கொண்டுபோவது. மருத்துவமனையைத் தூக்கி வேறிடத்தில் வைக்க முடியாது அல்லவா. அண்ணனைத் தூக்கி வைக்கலாம். என் வீட்டு வாசல் அவருடைய வாசலிலிருந்து சில எட்டுதான். காலையில் முதல் கீச்சொலி கேட்டபோதே செய்திருக்க வேண்டியது அது.

அப்போது அது ஏன் தோன்றவில்லை என்பதற்கு, எங்கள் கூடத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கருவி வைக்க வசதியான மின்செருகி அங்கே ஒன்றுதான். அதனருகே சன்னலைப் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலி. அதை நான் நகர்த்தவுமில்லை, அதில் உட்காரவுமில்லை. பலகாரம் கொண்டுவந்தவர்களும் எப்படியோ அறிந்து, வேறு இருக்கைகளில்தான் அமர்ந்தார்கள்.

"அண்ணே, எழுந்திருங்கள். நம்ம வீட்டுக்குப் போகலாம்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எந்த நாற்காலி என்பது அவருக்கும் தெரியும்.

"வேணாம் டாக்டர். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

"பொறுமைக்கு நன்றி சொல்வதெல்லாம் எங்கள் துறையின் வேலை. எழுந்திருங்கள்."

மூலை வீட்டு அம்மா கருவியை உருட்டினார். அதற்குச் சக்கரங்கள் உண்டு. நான் ஒரு கையில் சிலிண்டரும் மறு கையில் அண்ணனின் தோளுமாக நடந்தேன். நடைபாதையின் குறுக்கே சாரல் அடித்தது. இரண்டு முறை நின்றோம். இரண்டாம் முறை நின்றபோது அவர், "கிரேன்ல போட்டுத் தூக்குறது இதவிட ஈசி," என்றார். மூச்சுக்கு நடுவே சொற்களைத் துண்டு துண்டாக வைத்தார். அந்த வாக்கியம் முடியும்வரை காத்திருந்து மீண்டும் நடந்தோம்.

பிரம்பு நாற்காலியில் அவரை அமர்த்தினேன். அந்த மின்செருகியின் மேல் மங்கிப்போன ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. சென்ற ஆண்டு ஆயுதபூசையன்று, கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த மனைவி, மின்செருகிக்கும் ஒன்று வைத்தாள். அடுப்பு, தையல் எந்திரம், என் பழைய கணிப்பான் எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று, உங்களுக்குச் சோறு போட்டது இதுதானே என்றாள். துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அதில் அண்ணனின் கருவியைச் செருகினேன்.

முனகல் தொடங்கியது. பிறகு அந்தப் பெருமூச்சு. மாதக்கணக்கில் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டதை அறைக்குள்ளேயே கேட்பது வேறாக இருந்தது. நான் சமையலறைக்குள் போய், மறந்து விட்டுவந்த தண்ணீரைப் பார்த்தேன். அது வற்றியிருந்தது. மறுபடியும் ஊற்றி வைத்து, கொதிக்கும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது அண்ணனின் உதடுகளில் நிறம் ஏறியிருந்தது. மூலை வீட்டு அம்மா அவர் காலடியில், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அமர்ந்திருந்தார்.

"இங்கேருந்து சிராங்கூன் ரோடு பூரா தெரியுதே," என்றார் அண்ணன். "தங்கச்சி நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கு."

"அவள்தான் இடம் சொன்னாள். நான் நாற்காலியைத் தூக்கி வைத்தேன்."

"அதுக்குத்தான் அவ்வளவு படிச்சீங்களா?"

பிற்பகலில் மகள் வந்து சேர்ந்தாள். சாங்கியிலிருந்து பாதி தூரம் ஒரு சரக்கு வண்டியில், மீதி நடந்து, பின் பன்னிரண்டு மாடி. முழுக்க நனைந்திருந்தாள். வாசலில் நின்று தந்தையைப் பார்த்தாள், அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மனைவியின் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன பாப்பா, எனக்கு முறுக்கு கிடைக்கலன்னு ஓடி வந்தியா?" என்று கேட்டார் அண்ணன்.

"உங்களுக்கு வாய் திரும்பிடுச்சு லா. அப்ப எல்லாம் ஓகே," என்றாள் அவள்.

பழுதுபார்க்கும் குழு அந்தி நேரத்தில் வந்தது. இரண்டு மலாய் இளைஞர்கள், சேறு படிந்த காலணிகளோடு. கீழ்த்தளத்து மின்னறையில் ஒரு கம்பியின் ஃபியூஸ் எரிந்திருந்தது. மாற்றிவிட்டுப் படியேறி வந்து, ஆக்சிஜன் உள்ளவர் நலமா என்று பார்த்தார்கள். அப்படி வந்து பார்க்க வேண்டும் என்று நடைமுறையில் ஒரு வரி உண்டு. இன்னும் யாரோ அதைப் படிக்கிறார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு முதியோர் இல்லம், அதற்கு முன் ஒரு டயாலிசிஸ் நிலையம் என்றார்கள். வரிசை சரியாக இருந்தது. மூலை வீட்டு அம்மா அவர்களுக்கு ஒரு பொட்டலம் முறுக்குக் கொடுத்தனுப்பினார். எந்தக் கரண்டில் சுட்டது என்று அவர்கள் கேட்கவில்லை.

அவர்கள் போனபின் அந்த அம்மாவும் தம் அடுப்பை நோக்கி விரைந்தார். மாவு கொஞ்சம் புளித்துவிட்டதாகவும், புளித்தால் முறுக்கு சிவந்து வருமென்றும், அதற்கு யாரும் குறை சொல்லக்கூடாதென்றும் நடைபாதை முழுவதற்கும் அறிவித்துக்கொண்டே போனார். கீழே தோரண விளக்குகள் ஒவ்வொரு வளைவாக எரியத் தொடங்கின. சாலையில் தேங்கிய நீரில் அவை தலைகீழாகவும் எரிந்தன.

"அப்பா, வீட்டுல லைட் வந்துடுச்சு," என்றாள் மகள், துண்டை மடித்தபடி. "போலாமா? அங்கிள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவள் கருவியின் கம்பியைக் கழற்றக் குனிந்தாள்.

"இருக்கட்டும்மா," என்றேன். "மழை விடட்டும்."

அவள் சன்னலைப் பார்த்தாள். மழை நின்று வெகு நேரமாகியிருந்தது. கைப்பிடிச் சுவர்கூட ஓரளவு உலர்ந்துவிட்டது. அண்ணனும் வெளியே பார்த்தார். நிதானமாக, எல்லா விளக்குகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆமா, நல்ல மழை," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "விடட்டும்."